பிறர் வாய்க்குப் பாட்டு – 14
கல்குளத்து மூச்சு

சிவகவி, ஹரிதாஸ் படங்களின் பாட்டுகளை இந்த வாரம் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தேன். பாபநாசம் சிவன் எழுதியது, அவற்றில் பாடி நடித்த தியாகராஜ பாகவதரின் தொண்டையில் எப்படி அத்தனை இயல்பாக உட்கார்ந்தது என்பது கேள்வி. விடை தேடினால் சென்னை ஸ்டுடியோக்களைத் தாண்டி நாகர்கோவிலில் வந்து நிற்கவேண்டியிருக்கிறது.

பஜனைப் பாட்டுகள் எழுதிய நீலகண்ட சிவன் 1839இல் நாகர்கோவில் வடிவீஸ்வரத்தில் பிறந்தவர், பத்மநாபபுரத்தில் வாழ்ந்தவர். அவர் பெயரில் இருக்கும் நீலகண்டசுவாமி கல்குளத்தில் கோயில் கொண்டிருக்கிறார். சிவாலய ஓட்டத்தின் 12 கோயில்களில் அது ஏழாவது. சிவராத்திரிக்குக் காவி வேட்டியும் கையில் பனையோலை விசிறியுமாக இந்தக் கோயில்களுக்கு 80 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடுகிறவர்கள், சிவன் கோயிலுக்குப் போகும்போதே ‘கோவிந்தா, கோபாலா’ என்று கூவுகிறார்கள். சைவ வைணவ ஒற்றுமை என்று இதைச் சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அதைவிடப் பெரிதாகப்படுவது அந்தக் கூவலின் அளவு. ஓடுகிறவனின் மூச்சுக்குள் அடங்குகிற சொல் அது. ஒருவன் விட்ட இடத்தில் அடுத்தவன் எடுத்துக்கொள்ளலாம். பஜனைப் பாட்டின் இலக்கணமும் இதுதான். முன்னால் நிற்பவர் ஒரு வரி தருகிறார், ஜால்ரா ஓயுமுன் கூட்டம் அதைத் திருப்பித் தரவேண்டும். சங்கீதப் பயிற்சி இல்லாத பாட்டியும் பையனும் தடுக்கி விழாத வரியாக அது இருக்கவேண்டும். நீலகண்ட சிவன் அப்படி எழுதினார். பூர்விகல்யாணியில் அவர் செய்த நடராஜர் கீர்த்தனை இன்றும் கச்சேரியிலும் பரத மேடையிலும் ஒலிக்கிறது; அதைப் பாடுபவர்களில் பலருக்கு வடிவீஸ்வரம் எங்கே இருக்கிறதென்றுகூடத் தெரிந்திருக்காது.

போலகம் ராமையா என்ற சிறுவன் தந்தையை இழந்து திருவனந்தபுரத்துக்கு வந்து நீலகண்ட சிவனின் பஜனைகளில் ஊறினான். அவன்தான் பிற்காலத்துப் பாபநாசம் சிவன். பிறந்தது 1890இல், நீலகண்ட சிவன் மறைந்தது 1900இல். பத்து வயதுப் பிள்ளை என்ன கற்றிருக்க முடியும் என்று கேட்கலாம். ஆள் மறைந்தாலும் பஜனை மறையவில்லையே! அது கோஷ்டியின் வாயில் இருந்தது. அங்கிருந்துதான் அவனுக்கு வந்தது. வித்வான் கோனேரிராஜபுரம் வைத்தியநாத ஐயரிடம் பாபநாசம் சிவன் பெற்ற சங்கீதம் எங்கே போயிற்று என்பது இன்னொரு கேள்வி, இது கனமானது. ராகத்தின் ஆழத்தை அவரிடம் பெற்றார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வித்வானிடம் கற்பது தன் குரலில் பாடுவதை. பிறர் குரலுக்கு இடம்விட்டு எழுதுவதைக் கற்றுத்தருவது கூட்டம். இல்லாவிட்டால், சினிமாவில் பேர் வாங்கிய பிறகும் மார்கழி விடியலில் மயிலாப்பூர் மாடவீதிகளில் அவர் ஏன் பஜனை பாடிக்கொண்டு நடக்கவேண்டும்?

அவர் பாட்டெழுதிய ஹரிதாஸ் 1944 தீபாவளிக்கு வந்து, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்ட படம். அதன் பாட்டுகளை வரி வரியாகப் பிரித்துப் பார்க்க இந்த வாரம் இடமில்லை. அடுத்த வாரம் அதிலிருந்தே தொடங்குகிறேன்.