கேம் கணனிக்குப் புதிய புரொசசர்: வாங்குமுன் ஒரு கணக்கு

சல்லி, சாம்பல்தீவு, நிலாவெளிப் பக்கங்களில் நான்கைந்து கணனிகளை வைத்து மணித்தியாலக் கணக்கில் விளையாட விடுபவர்கள் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு, "நானா, கேம் சிக்கிச் சிக்கி ஓடுது" என்பதாகும். திருத்துநரிடம் கேட்டால் புரொசசரை மாற்றச் சொல்வார். பணத்தை எடுக்குமுன் குறை எங்கே இருக்கிறது என்று பார்ப்பது நல்லது.

சோதனை எளிது. படவேகத்துக்கு வரம்பு போட்டிருந்தால் அதை நீக்கிவிட்டு, விளையாட்டு ஓடும்போது டாஸ்க் மெனேஜரைத் திறந்து பாருங்கள். கிரபிக்ஸ் கார்ட் 95 சதவீதத்துக்கு மேல் உழைக்கிறதா? அப்படியானால் புரொசசரை மாற்றிப் பெரிய பயனில்லை. கார்ட் 60 சதவீதத்தில் சும்மா நிற்க, படம் மட்டும் சிக்கினால் புரொசசர் மீது சந்தேகப்படலாம். புரொசசர் 40 சதவீதம்தான் என்று காட்டுவதை நம்பிவிட வேண்டாம். பல விளையாட்டுகள் ஓரிரு கோர்களின் மீதே சாய்கின்றன. ஒரு கோர் மூச்சுத் திணறுவது மொத்தக் கணக்கில் மறைந்துவிடும். திரையின் ரெசலூஷனைக் குறைத்துப் பாருங்கள். வேகம் கூடினால் குறை கார்ட்டில். கூடாவிட்டால் பெரும்பாலும் புரொசசரில்.

செலவில்லாத காரணங்களும் உண்டு. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றும் மணற்தூசியும் விசிறியை அடைத்துவிடும். 90 – 100 பாகை செல்சியஸை நெருங்கும்போது புரொசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தூசி தட்டி, புதிய பசை பூசினாலே சில கணனிகள் தேறிவிடுகின்றன. ஒரே ஒரு றெம் துண்டு மட்டும் போட்டிருந்தால் அதற்கு இணையான இன்னொன்றைப் போடுவதும் உதவும்.

புரொசசர்தான் குறை என்று தெரிந்தால் அடுத்த கேள்வி மதர்போட். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இன்டெலின் 6ஆம், 7ஆம் தலைமுறைப் பலகைகளிலும் 8ஆம், 9ஆம் தலைமுறைப் பலகைகளிலும் சொக்கெட் இலக்கம் 1151 தான். ஆனால் பழைய பலகையில் புதிய புரொசசர் ஓடாது. ஏ.எம்.டி.யின் நிலை வேறு. 2017இல் வந்த ஏ.எம்.4 பலகைகள் பலவற்றில் பயோஸைப் புதுப்பித்து, 2022இல் வெளிவந்த றைசன் 5800 எக்ஸ்3டி வரை போடலாம். அடுத்த ஏ.எம்.5க்குப் போனால் பலகையும் டி.டி.ஆர்.5 றெம்மும் சேர்த்தே வாங்க வேண்டும்.

பழைய கணனி வைத்திருப்போருக்கு இன்னொரு நெருக்கடி: 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்குப் பொதுவாக இன்டெலில் 8ஆம் தலைமுறையாவது, ஏ.எம்.டி.யில் றைசன் 2000 வரிசையாவது வேண்டும். 7ஆம் தலைமுறைக்குள்ளேயே பெரிய புரொசசர் தேடி வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கொழும்பு யுனிட்டி பிளாசாவில் பாவித்த பொருள் தேடுவோர் இன்டெல் 13ஆம், 14ஆம் தலைமுறையின் வேகமான ரகங்களில் கவனமாக இருக்க வேண்டும். மின்னழுத்தக் கோளாறால் அவற்றில் சில கெட்டுப்போவதை 2024இல் நிறுவனமே ஒப்புக்கொண்டது. பிறகு வந்த பயோஸ் திருத்தம் ஏற்கனவே கெட்டதைச் சரிசெய்யாது.

இனி வியாபாரம். கணக்குக்காக மாற்றச் செலவு 60,000 ரூபா, மணித்தியாலக் கட்டணம் 100 ரூபா என்று வைப்போம். செலவை எடுக்க மட்டும் 600 மணித்தியாலங்கள் மேலதிகமாக ஓட வேண்டும். வேகமான புரொசசர் போட்டதால் மாலை நேரம் நீளப் போவதில்லை. ஏற்கனவே நிரம்பி ஓடும் கணனியில் வருமானம் அப்படியே இருக்கும். சிக்கலால் எழுந்து போகும் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதே கேள்வி. வற் வரி 2024 ஜனவரி முதல் 18 சதவீதம் என்பதால், சொல்லும் விலை வரியுடனா என்றும் கேளுங்கள். கைப்பணம் போதாதவர்கள் வட்டிக்கு எடுக்காமல் முறாபஹா முறையை விசாரிக்கலாம். அங்கும் இலாபத் தொகையைக் கூட்டியே மணித்தியாலங்களை எண்ண வேண்டும்.

ஐந்தையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். ஒன்றை மாற்றி, ஒரு மாதம் அது ஓடிய மணித்தியாலங்களையும் மற்ற நான்கும் ஓடியதையும் கொப்பியில் எழுதி வாருங்கள். கழற்றிய பழைய புரொசசரை விற்கும்போது, குறை ஏதும் இருந்தால் வாங்குபவரிடம் சொல்லியே விற்க வேண்டும்.