வெண்டை இலை மஞ்சளாகுதா? யூரியா போடும் முன் பாருங்க!

வெண்டையில் அடி இலைகள் முழுசா வெளிறினால், அது தழைச்சத்துக் குறை. பழைய இலையின் சத்தை எடுத்துத்தான் செடி புதுத் தளிரை வளர்க்கும். விதைத்த 45 நாளில் காய் பறிப்பு தொடங்கிடும். அதனால் 30-ஆம் நாள் மேலுரம் அவசியம். சாதாரண ரகத்துக்கு ஏக்கருக்குச் சுமார் 18 கிலோ யூரியா போதும்.

இளம் இலையில் நரம்பு மட்டும் மஞ்சளாகி, இடையில் பச்சை தெரிந்தால், அது வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்புத் தேமல் நோய். இதுக்கு யூரியா போட்டா காசுதான் வீண். நோய் கண்ட செடியை ஆரம்பத்திலேயே பிடுங்கி அழிச்சிடுங்க.

உழவன் செயலியில் உர இருப்பையும், உதவி வேளாண்மை அலுவலர் உங்கள் ஊருக்கு வரும் நாளையும் பார்க்கலாம். சந்தேகம் இருந்தால், இலையைப் படம் எடுத்து வைத்து அவரிடம் காட்டுங்க.