வானொலி தெளிவாகக் கேட்க வெளி ஏரியல்

1960களில் ஆடுதுறை 27 நெல் தஞ்சை மாவட்டத்தில் பரவியபோது, விவசாயிகள் அதை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தனர். திருச்சி வானொலி வாயிலாக அந்த ரகத்தை அறிந்து பயிரிட்டதே காரணம். இன்றும் மழை எச்சரிக்கை நேரும் வேளையில், மின்சாரமும் கைபேசிச் சிக்னலும் போனாலும் பாட்டரி ரேடியோ பேசும். அது கரகரவென்று இரைந்தால் பயனில்லை. மத்திய அலை நிலையத்துக்குத் தொலைவில் இருப்பவர்கள் குறைந்த செலவில் வெளி ஏரியல் அமைத்துக்கொள்ளலாம்.

முதலில் செய்ய வேண்டியது

செலவு செய்யுமுன் எல்.இ.டி. விளக்கு, கைபேசி சார்ஜர் ஆகியவற்றை நிறுத்திப் பாருங்கள். பல வீடுகளில் இரைச்சலுக்கு இவையே காரணம். பிறகு ரேடியோவை மெல்லத் திருப்புங்கள். உள்ளிருக்கும் பெரைட் தண்டு, முகப்போ முதுகோ நிலையத்தை நோக்கும்போது நன்கு வாங்கும். பக்கவாட்டு முனை நோக்கினால் ஒலி குறையும்.

அமைக்கும் முறை

பிளாஸ்டிக் உறையிட்ட செம்பு வயர் 40 முதல் 60 அடி வரை எடுத்து, 15 முதல் 20 அடி உயரத்தில் கட்டவும். இரு முனைகளிலும் நைலான் கயிறு அல்லது பீங்கான் இன்சுலேட்டர் இருக்க வேண்டும். மரத்தில் கட்டினால், காற்றில் மரம் ஆடும்போது வயர் அறாதபடி சற்றுத் தொய்வு விடவும். ஒரு முனையிலிருந்து வயரை வீட்டுக்குள் கொண்டு வரவும்.

நிலத்தொடர்புக்கு, ஈரம் காயாத இடத்தில் 5 அல்லது 6 அடி நீளமுள்ள இரும்புக் குழாயை அடித்து இறக்கி, அதிலிருந்து ஒரு வயர் எடுக்கவும். வீட்டு மின்இணைப்பின் எர்த்தைப் பயன்படுத்தக் கூடாது.

ரேடியோவைத் திறக்க வேண்டியதில்லை. உறையிட்ட வயரைப் பெட்டியின் குறுக்கே ஐந்தாறு சுற்றுச் சுற்றி, ஒரு முனையை ஏரியலிலும் மறுமுனையை நிலத்தொடர்பிலும் இணைத்தால் போதும். பாட்டரியில் இயங்கும் ரேடியோவையே இதற்குப் பயன்படுத்தவும்.

உயிருக்கு ஆபத்து

மின்கம்பிக்கு மேலோ, கீழோ, அருகிலோ ஏரியல் போகக் கூடாது. கம்பம் சாய்ந்தாலும் வயர் அறுந்து வீசினாலும் மின்கம்பியை எட்டாத இடமே ஏற்றது. பம்புசெட்டுக்குப் போகும் கம்பிக்கும் இது பொருந்தும். அப்படி இடமில்லையென்றால் ஏரியல் வேண்டாம்.

கோடை இடிமழையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் வானம் கறுக்கும்போதே ஏரியலை ரேடியோவிலிருந்து கழற்றி, வீட்டுக்கு வெளியே நிலக்குழாயுடன் இணைத்துவிடவும். இடி கேட்கத் தொடங்கிய பின் வயரைத் தொடவே கூடாது. எச்சரிக்கையை ஏரியல் இன்றியே கேளுங்கள். இரைச்சலோடு கேட்டாலும் பாதகமில்லை.