சயாம் யாத்திரை (7): பேர் கூப்பிட ஆளில்லாத காடு

சென்ற வாரம் குவாய் நதிப் பாலத்தருகே நிறுத்தியிருந்தேன். அதைப் பார்க்க வரும் பிரயாணிகளில் பலர், 1957-ல் வெளிவந்த ஓர் ஆங்கிலத் திரைப்படத்தை மனத்தில் சுமந்து வந்து, இரும்புச் சட்டங்களின் கீழ் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நான் மறுநாள் காலையில், காஞ்சனபுரி ரயிலடிக்குச் சமீபத்திலுள்ள யுத்த மயானத்துக்குப் போனேன்.

ஏறக்குறைய 7,000 சமாதிகள். புல்லைக் கத்தரித்து, கல்லுக்குக் கல் பூச்செடி வைத்து, மாண்டவனுடைய பெயரையும் படைப்பிரிவையும் வெண்கலத் தகட்டில் பொறித்து, பெற்ற தாயின் சிரத்தையோடு அவற்றைப் பராமரிக்கிறார்கள். 22, 27 என்று வயதுகளைப் படித்துக்கொண்டே நடக்கையில் தொண்டை அடைத்தது. ஜப்பானிய ராணுவம் சயாமிலிருந்து பர்மாவின் தான்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் தூரம், மலையைப் பிளந்தும் காட்டை அழித்தும், 1942-ல் தொடங்கி 1943 அக்டோபருக்குள் போட்டு முடித்த அந்த ரயில் பாதையில், சுமார் 60,000 யுத்தக் கைதிகளில் 12,000 பேருக்கு மேல் மடிந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கும் மரியாதை முற்றிலும் நியாயமானது.

ஆனால் அதே பாதையில் மலாயா, பர்மா, ஜாவா முதலிய தேசங்களிலிருந்து வந்து உழைத்த கூலிகள் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர். அவர்களில் 90,000 பேர் வரை மாண்டிருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத்துத் தமிழர்கள். யுத்தத்தால் தோட்ட வேலை நின்று, அரிசிக்கும் வழியில்லாமல் தவித்தவர்களைச் சம்பளத்தைச் சொல்லி ஆசை காட்டியும், அது பலிக்காதபோது பலாத்காரமாகப் பிடித்து ஏற்றியும் அனுப்பினார்கள். 1943-ம் வருஷத்து மழையில் வாந்திபேதி கூலி முகாம்களில் புகுந்தது. கைதிகள் எவ்வளவு கொடுமைப்படுத்தப்பட்டாலும், அவர்களோடு மருத்துவர்களும் அதிகாரிகளும் இருந்தார்கள். எவன் எப்போது இறந்தான், எங்கே புதைத்தோம் என்பதை ரகசியமாகவேனும் குறித்து வைத்தார்கள். யுத்தம் முடிந்ததும் அந்தக் குறிப்புகளைத் துணைகொண்டுதான் காட்டில் கிடந்த அஸ்திகளைத் தேடியெடுத்து இங்கே சேர்க்க முடிந்தது. கூலிக்கு அப்படி எழுத யார் இருந்தார்கள்? தோட்டத்தில் இருந்தவரை, விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் அவன் பேரைக் கூப்பிட்டார்கள். செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் அவனுக்கென்று ஒரு வரி இருந்தது. வராத நாளுக்குக் கூலியைப் பிடிக்கத்தான் என்றாலும், இருந்தது. சயாமின் காட்டில் அந்த ஒரு வரியும் இல்லாமற்போயிற்று. மலாயாவிலிருந்து கடிதம் வருவது நின்றுபோன எத்தனை வீடுகள் நம் ஜில்லாக்களில் இருந்திருக்கும்!

மாலையில் மீண்டும் பாலத்துப் பக்கம் நடந்தேன். அங்கே சற்றுத் தள்ளி, ஜப்பானியரே 1944-ல் எழுப்பிய நினைவுத்தூண் ஒன்று நிற்கிறது. சுற்றுச் சுவரில் பதித்த பலகைகளில், வேறு பாஷைகளோடு தமிழும் இருக்கிறது. வேலை வாங்கிச் சாகடித்த அந்த ராணுவமே வைத்த கல்லில் தாய்மொழியைக் கண்டபோது எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடேயே அந்த எழுத்துகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். யார் பேராவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

அந்தப் பாதையில் இன்றும் நாம்தோக் வரையில் ரயில் ஓடுகிறது. நாளைக் காலை வண்டிக்குப் புறப்படுகிறேன்.