நாயின் வயிறும் மிச்சக் குழம்பும்

கோளாறு எங்கே?

கொழிஞ்சாம்பாறை, வாளையாறு பக்கத்திலும் சரி, மூணாறு, மறையூர் மலைகளிலும் சரி, நாய்க்கென்று தனியாக உலை வைக்கும் வீடுகள் குறைவு. இன்று மத்திக் குழம்புச் சோறு, நாளை கப்பை, ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறி எலும்பு. கழிச்சல் அடிக்கடி வந்தால், கண்டதையும் தின்றதன் பலன் என்று முடிவுகட்டி, அதன்பின் தயிர்சோற்றிலேயே நாயின் காலத்தை ஓட்டிவிடுகிறார்கள். பழி தவறான இடத்தில் விழுகிறது. குடலில் வாழும் நுண்ணுயிர்கள் வழக்கமான உணவுக்கு ஏற்பப் பெருகியிருக்கும். ஒரே நாளில் தட்டு தலைகீழானால் அவற்றால் ஈடுகொடுக்க முடியாது. கூடவே குழம்பின் எண்ணெயும் மிளகாயும் சேர்கின்றன. கொழுப்பு மிகுந்த மிச்சம் கணைய அழற்சி வரைக்கும் கொண்டுபோகும். வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களைச் சிதைப்பவை, வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. உடல் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் உள்ளே போனாலே நாயின் இரத்தத்தில் பாதிப்பு தெரியும்.

‘தெருநாய் எதையும் தின்கிறதே?’

தின்கிறது, தின்று செரிக்காமல் செத்தவை நம் கணக்கில் வருவதில்லை. இதற்கு நேர்மாறாக, நாய் ஊனுண்ணி, அதற்குச் சோறே ஆகாது என்பவர்களும் உண்டு. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் ‘நேச்சர்’ இதழில் இதற்கு விடை தந்தார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் 2 பிரதிகள்தான். நாய்களிடம் 4 முதல் 30 வரை. ஆக, குழைய வெந்த மட்டையரிசிச் சோறும் நன்றாக வெந்த கப்பையும் நாய்க்கு அந்நியமல்ல. பச்சைக் கப்பையில் சயனைடு நஞ்சு உருவாகும் என்பதால் அதைத் தொடவிடக் கூடாது. தயிர்சோற்றையும் எல்லா நாய்க்கும் பாதுகாப்பானதாக எண்ண வேண்டாம். உணவு ஒவ்வாமையால் தோல் நோய் கண்ட நாய்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான கட்டுரையில், மாட்டிறைச்சி 34, பால் பொருட்கள் 17, கோழி 15, கோதுமை 13 விழுக்காட்டு நாய்களுக்கு ஒவ்வாமை தந்தன. நம் பக்கத்து நாய்கள் அதிகம் தின்பதே இவற்றில் முதல் மூன்றும்தான்.

ஒன்றாக நிறுத்தி, ஒவ்வொன்றாகச் சேர்த்தல்

எனவே பல வகை உணவு வேண்டும், ஆனால் அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மலப் பரிசோதனை: கொக்கிப்புழு இருக்கும்போது சோற்றைக் குறை சொல்வதில் பயனில்லை. புழு இல்லையென்றால், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, நாய் இதுவரை அதிகம் தின்னாத ஒரு புரதத்தையும் ஒரு மாவுப்பொருளையும் மட்டும் சுமார் எட்டு வாரம் கொடுக்கலாம். முள் நீக்கி வேகவைத்த மீனும் சோறும் என்றால், அந்த இரண்டு மட்டுமே. பிஸ்கட் துண்டுகூட இடையில் கூடாது. வயிறு நிலைப்பட்ட பிறகு பூசணி, கேரட், முட்டை, ராகி என ஒவ்வொன்றாக நுழைக்கலாம். முதலில் கால் பங்கு, பிறகு அரை என்று 7 முதல் 10 நாளில் முழு அளவுக்கு வர வேண்டும். மலம் இளகினால் எந்தப் பொருளால் என்பது அப்போது தெரிந்துவிடும். தினமும் தட்டை மாற்றுகிற வீட்டில் இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

கடைத் தீனி கொடுத்தால் இந்தப் பாடெல்லாம் தேவையில்லையே என்பது நியாயமான கேள்வி. சத்துச் சமநிலையில் நல்ல கடைத் தீனி முந்திக்கொள்கிறது என்பதை மறுக்க முடியாது. வீட்டில் சமைப்பதற்கான 200 செய்முறைகளைக் டேவிஸிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் சோதித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், 95 விழுக்காட்டில் ஏதாவது ஒரு சத்தேனும் குறைந்திருந்தது. கறியும் சோறும் மட்டும் கொடுத்தால் சுண்ணாம்புச்சத்து நிச்சயம் போதாது. அதற்காக வெந்த எலும்பைப் போட்டால் அது உடைந்து குடலைக் கிழிக்கும். கட்டுப்படியாகிற வீடுகள் ஒரே தீனியை அடிப்படையாக வைத்து, பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் வீட்டுப் பொருளைச் சேர்க்கலாம். எஸ்டேட் லயங்களில் மூட்டைத் தீனி எல்லோருக்கும் கட்டாது. அவர்கள் குழம்பு ஊற்றும் முன்பே நாயின் பங்கை எடுத்து வைத்து, எந்தச் சத்துமருந்து, எவ்வளவு என்பதை மிருகாசுபத்திரியில் கேட்டுக்கொள்வது நல்லது.

காத்திருக்கக் கூடாத நேரம்

மலத்தில் இரத்தம், நிற்காத வாந்தி, தண்ணீரையும் தள்ளும் சோர்வு இருந்தால் உணவுச் சோதனையை விட்டுவிட்டு அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். தடுப்பூசி போடாத குட்டிக்கு இந்த அறிகுறிகள் தெரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பார்வோ வைரஸை.