பஸ் சத்தத்துக்கு நடுவே ஒரு குரல்

கார்ட்டூனில் வரும் பூனை தமிழ் பேசுகிறதே, அது யார் குரல் என்று யோசித்ததுண்டா? மெட்ரோ ரயிலில் அடுத்த நிலையத்தின் பெயரைச் சொல்பவர், ஒலிநூலில் கதை வாசிப்பவர், திரையில் ஒருவர் நடிக்க அவருக்காகப் பேசுபவர் எல்லோரும் குரல் கலைஞர்கள். சென்னையில் வடபழனி, சாலிகிராமம் பக்கம் இவர்களுக்காகவே டப்பிங் தியேட்டர்கள் இருக்கின்றன. இப்போது பலர் வீட்டிலேயே மைக்கும் கணினியும் வைத்து இந்த வேலையைத் தொடங்குகிறார்கள்.

ஆனால் வீடு இருப்பது நெரிசலான தெருவில். வெளியே பஸ் உறுமுகிறது, ஆட்டோ ஹாரன் அடிக்கிறது. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுகிறது. மாடியில் யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள். இதற்கு நடுவே குரலை மட்டும் எப்படிப் பதிவது?

இந்தத் தொல்லை பழையது. 1934-இல் சென்னையில் ஸ்ரீனிவாசா சினிடோன் என்ற ஸ்டூடியோ பேசும் படம் எடுத்தது. அங்கே ஒலிப்பதிவு செய்தவர் மீனா நாராயணன், இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர் என்று போற்றப்படுபவர். அந்த நாளில் சூரிய வெளிச்சத்தில் படம் பிடித்து, பேச்சையும் அப்போதே பதிவார்கள். நடுவில் காகம் கரைந்தால் போச்சு, காட்சியை மறுபடி எடுக்க வேண்டும். காகம் விரட்டவே ஆள் வைத்திருந்தார்கள்!

மைக்குக்கு மூளை கிடையாது

கல்யாண வீட்டில் அத்தனை இரைச்சலிலும் அம்மா பேசுவது நமக்குப் புரிகிறது. வேண்டிய குரலைப் பிடித்துக்கொண்டு மற்றதை ஒதுக்குவது நம் மூளையின் திறமை. காலின் செர்ரி என்ற அறிவியலாளர் 1953-இல் இதை ஆராய்ந்து எழுதினார். மைக்கால் அப்படி ஒதுக்க முடியாது. காற்றின் அதிர்வு எதுவாக இருந்தாலும் மின்சார அலையாக மாற்றிவிடும். அதனால்தான் பேசும்போது காதில் படாத மின்விசிறிச் சத்தம், பதிவைப் போட்டுக் கேட்டால் 'கொர்ர்' என்று வருகிறது.

காசு செலவில்லாத முதல் வழி

மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால், மைக்குக்கு வந்து சேரும் குரலின் ஆற்றல் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. தெருச் சத்தம் எங்கிருந்தோ வருவதால் அது கூடுவதில்லை. ஆகவே இரண்டு சாண் தூரத்தில் பேசுவதைவிட ஒரு சாண் தூரத்தில் பேசுவது நல்லது. மிக நெருங்கினால் வேறு தொல்லை. உள்ளங்கையை வாயருகே வைத்து 'பப்பாளி' என்று அழுத்திச் சொல்லுங்கள், காற்று வந்து அடிக்கும். அது மைக்கில் 'டப்' என்று விழும். மைக்கைச் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் இது குறையும்.

குரல் பதிவுக்கான மைக்குகளில் பல, முன்பக்கம் நன்றாகவும் பின்பக்கம் மிகக் குறைவாகவும் கேட்கும். அதன் முதுகு ஜன்னலைப் பார்க்கும்படி வையுங்கள். அப்போது மைக்கின் முகம் உங்களையும் உங்களுக்குப் பின்னால் உள்ள சுவரையும் பார்க்கும். அந்தச் சுவரில் மோதித் திரும்பும் ஒலியும் பதிவாகும் அல்லவா? அதனால் கெட்டியான கம்பளியை உங்கள் முதுகுக்குப் பின்னால் தொங்கவிட வேண்டும்.

கம்பளி செய்வது என்ன?

1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு புதிய விரிவுரை அரங்கம் திறந்தார்கள். அங்கே பேச்சு யாருக்கும் புரியவில்லை. சொன்ன சொல் ஐந்தரை நொடி வரை சுவர்களில் மோதிக்கொண்டே இருந்தது! ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த பத்துச் சொற்கள் அதன்மேல் ஏறிவிட்டன. இதைச் சரிசெய்யும் வேலை வாலஸ் சபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியருக்கு வந்தது. ஊர் அடங்கிய இரவுகளில், வேறொரு அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து அடுக்கி, ஆர்கன் என்ற இசைக்கருவியின் குழாயை ஒலிக்கவிட்டு, ஒலி மறையும் நேரத்தை அளந்தார். மெத்தைகள் கூடக்கூட அந்த நேரம் குறைந்தது. அவர் கண்ட விதியைக் கொண்டு வடிவமைத்த பாஸ்டன் சிம்பொனி அரங்கம் 1900-இல் திறக்கப்பட்டது.

மெத்தையிலும் கம்பளியிலும் நுண்ணிய இடைவெளிகள் உண்டு. ஒலியால் அதிரும் காற்று அவற்றுக்குள் புகுந்து, இழைகளோடு உரசி ஆற்றலை இழக்கிறது. அந்த ஆற்றல் மிகச் சிறிதளவு வெப்பமாக மாறுகிறது. துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து அதன் எதிரே பேசினாலும் இதே பலன்தான். ஆனால் பீரோவுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொள்ளக் கூடாது. மூச்சு முட்டும், ஆபத்து.

தடுப்பது வேறு, உறிஞ்சுவது வேறு

இங்கேதான் பெரியவர்கள்கூடக் குழம்புகிறார்கள். அறைக்குள் எழும் எதிரொலியைக் கம்பளி உறிஞ்சும். வெளியே உறுமும் பஸ்ஸை அதனால் நிறுத்த முடியாது. ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகிறது. நொடிக்கு 3,400 முறை அதிரும் கூர்மையான ஒலியின் அலைநீளம் 10 சென்டிமீட்டர். 100 முறை அதிரும் பஸ் உறுமலின் அலைநீளமோ 3.4 மீட்டர்! மெல்லிய துணியை அது பொருட்படுத்தாது. சுவரில் முட்டை அட்டை ஒட்டினாலும் பயனில்லை. அது வெறும் காகிதம், எடை மிகக் குறைவு.

வெளிச்சத்தத்தைத் தடுக்க இரண்டு வேண்டும்: கனமான பொருள், இடைவெளி இல்லாத அடைப்பு. நல்ல செங்கல் சுவர், தன்மேல் மோதும் ஒலி ஆற்றலில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும் என்று வைத்துக்கொள்வோம். கதவின் உயரம் 2 மீட்டர். அதன் கீழே 2 சென்டிமீட்டர் சந்து இருந்தால், அது கதவின் பரப்பில் நூறில் ஒரு பங்கு. அந்தச் சந்து வழியாகவே கதவில் மோதும் ஒலியில் சுமார் நூறில் ஒரு பங்கு உள்ளே வந்துவிடும். சுவர் எவ்வளவு கனமாக இருந்து என்ன பயன்? ஜன்னல், கதவு ஓரங்களில் ரப்பர் பட்டை ஒட்டுவது இதற்காகத்தான். பெரிய ஸ்டூடியோக்களில் அறைக்குள் இன்னொரு அறையே கட்டி, இரட்டைக் கதவு வைத்திருப்பார்கள்.

இவ்வளவும் முடியாதவர்களுக்கு இரவு நேரம் கைகொடுக்கும். நம் நாட்டின் ஒலி மாசு விதிகள் (2000) குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல் (ஒலியளவின் அலகு), இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்துள்ளன. 10 டெசிபல் குறைந்தால் ஒலி ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிவிடும். சபின் இரவில் விழித்திருந்தாரே, வீட்டில் வேலை செய்யும் குரல் கலைஞர்கள் பலரும் அப்படித்தான்.

செய்து பாருங்கள்

ஒரு பக்கெட்டுக்குள் சின்னத் துண்டை விரித்து, மொபைலில் அலாரம் ஒலிக்கவிட்டு அதன்மேல் வையுங்கள். முதலில் பக்கெட்டின் வாயை இன்னொரு துண்டால் மூடுங்கள். பிறகு கனமான மரப் பலகையால் மூடுங்கள். அடுத்து, பலகையை ஒரு விரல் அகலம் நகர்த்துங்கள். மூன்று முறையும் ஒரே இடத்தில் நின்று கேட்டு எழுதுங்கள். எது தடுத்தது, எது தடுக்கவில்லை, சிறிய சந்து என்ன செய்தது?

விடை தெரிந்ததும் வீட்டிலேயே அமைதியான மூலை ஒன்றைத் தேடுங்கள். உங்கள் பாடப்புத்தகத்திலிருந்து ஒரு பாடத்தை நிதானமாக வாசித்துப் பதிவுசெய்யுங்கள். கண்ணால் படிக்க இயலாத தோழனுக்கோ தோழிக்கோ அதைக் கொடுத்துவிட்டு, எந்தச் சொல் தெளிவாகக் கேட்கவில்லை என்று அவரிடமே கேளுங்கள். எதைத் திருத்த வேண்டும் என்பதை அவரைவிட நன்றாக யாரும் சொல்ல முடியாது.