லிட்டருக்கு 11 காசு: ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையின் பயணம்

மருத்துவ ஆராய்ச்சியாளர் ஒருவரின் தகுதியை மதிப்பிடும்போது, அவர் வெளியிட்ட கட்டுரைகள் எத்தனை, அவை எந்தச் சஞ்சிகைகளில் வந்தன என்று கணக்கெடுப்பது நிர்வாக வழக்கம். கணக்கெடுப்பது எளிது, ஆகவே அது நிலைத்துவிட்டது. இவ்வளவுகோலின் தன்மையை அறிய, டாக்டர் திலீப் மகலனாபிஸ் 1973-இல் வெளியிட்ட ஒரே ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்வோம். (இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துடன் தொடர்புடைய புள்ளியியல் அறிஞர் பி.சி. மகலனோபிஸ் வேறு, இவர் குழந்தை மருத்துவர்.)

கடுமையான காலராவில் உடலின் நீரும் உப்பும் வெளியேறிச் சில மணி நேரத்தில் உயிர் பிரியக்கூடும். அன்றைய சிகிச்சை, நரம்பு வழியே உப்புநீர் ஏற்றுவது. அதற்குத் தூய்மையான புட்டிகளும் ஊசிகளும் பயிற்சி பெற்ற பணியாளரும் வேண்டும். தில்லியில் மோதி பாக் பகுதியில் குடியிருப்போர் சப்தர்ஜங் மருத்துவமனையையோ அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தையோ விரைவில் அடைந்துவிடலாம். 1971-இல் மேற்கு வங்க எல்லை நகரமான பங்கானில் நிலைமை அவ்வாறில்லை. கிழக்கு வங்கத்திலிருந்து நம் நாட்டிற்குள் வந்த அகதிகள் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர். பங்கான் மருத்துவமனையில் காலரா நோயாளிகளுக்கென இருந்தவை இரண்டு அறைகள், 16 படுக்கைகள். உப்புநீர்ப் புட்டிகளோ தீர்ந்துகொண்டிருந்தன.

கல்கத்தாவிலிருந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சி மையத்தில் பணியாற்றிய மகலனாபிஸ், ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுகோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற அளவில் பொட்டலங்கள் தயாரிக்கச் செய்தார். கரைசல் பெரிய கலன்களில் வைக்கப்பட்டது. தாய்மாரும் உறவினரும் குவளைகளில் பிடித்து நோயாளிகளுக்குப் புகட்டினர். லிட்டருக்கு ஆன செலவு 11 காசு. பொருளாதார நோக்கில் பார்த்தால், அங்கு அரிதாக இருந்த சாதனம் உப்போ நீரோ அன்று, பயிற்சி பெற்ற கைகளே. தாயின் கை அந்த இடத்தை நிரப்பியது. ஊசி, மிகவும் மோசமான நிலையில் வந்தவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. தொடக்கத்தில் முகாம்களில் 30 விழுக்காடு அளவில் இருந்த இறப்பு, இச்சிகிச்சை பெற்றவர்களிடையே 3.6 விழுக்காடாகக் குறைந்தது.

ஒப்பீட்டுக் குழு அமைத்து நடத்திய சோதனை அன்று இது. சாகும் தறுவாயில் இருப்போரை இரு பிரிவாக்கி ஒரு பிரிவுக்கு மருந்து மறுப்பது எவ்வாறு இயலும்? எனினும், சோதனை முறையின் தூய்மையை மட்டும் நோக்குவோர் இக்கட்டுரைக்குக் குறைந்த மதிப்பெண்ணே வழங்குவர். கண்டுபிடிப்பும் முற்றிலும் இவருடையது அன்று. குளுகோஸுடன் சேர்ந்தால் குடல் சோடியத்தை உறிஞ்சும், காலராவிலும் அத்திறன் கெடுவதில்லை என்பது 1960-களில் தெளிவாயிற்று. டாக்காவில் நடந்த சோதனையின் முடிவுகள் 1968-இல் லான்செட் சஞ்சிகையில் வெளியாயின.

அதற்கும் முன்னர், 1953-இல், கல்கத்தா மருத்துவர் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி 186 நோயாளிகளுக்கு வாய் வழியே கரைசல் கொடுத்துக் குணப்படுத்தியதை அதே லான்செட்டில் எழுதியிருந்தார். புகழ்மிக்க சஞ்சிகையில் வந்தும் பயனில்லை. உட்செலுத்திய நீர், வெளியேறிய நீர் ஆகியவற்றின் அளவுகள் அதில் இல்லை. உடலியல் விளக்கமும் இல்லை. எனவே நிபுணர்கள் பொருட்படுத்தவில்லை. நடுவில் கழிந்த 15 ஆண்டுகளின் இழப்பு எந்த வெளியீட்டுப் பட்டியலிலும் இடம்பெறாது.

மகலனாபிஸின் கட்டுரை லான்செட்டில் அன்று, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. மருத்துவமனை வசதியற்ற இடத்திலும், மருத்துவம் அறியாதவர் கையாலும் இச்சிகிச்சை நடைபெறும் என்பதை அது காட்டியது. நிர்வாகிகளுக்குத் தேவைப்பட்ட சான்றும் அதுவே. 1978-இல் உலகச் சுகாதார நிறுவனம் வயிற்றுப்போக்குக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது, இக்கரைசல் அதன் அடிப்படையாயிற்று. மகலனாபிஸ் 2022 அக்டோபரில் காலமானார். பத்ம விபூஷண் விருது 2023-இல் அறிவிக்கப்பட்டது.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, வயிற்றுப்போக்கு கண்ட நம் குழந்தைகளில் இக்கரைசல் பெற்றோர் 60 விழுக்காட்டிற்குச் சற்றே மேல். எஞ்சியோரை எட்டுவதற்காக, 2014 முதல் ஆஷா பணியாளர்கள் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீடுகளுக்குப் பொட்டலங்களை முன்கூட்டியே கொண்டுசென்று, கரைக்கும் முறையையும் செய்து காட்டுகின்றனர்.